தறி சத்தம் கேக்குது

தறி ஓடும் சத்தம் கேட்கிறது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்த வீரபாகு இன்று எழுந்து தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி மதிலுக்கு அப்பாலிருந்து கூவுகிறாள்: "கலைவாணி, அண்ணன் எழுந்துட்டாரா? தறி சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுமா!" கலைவாணிக்குக் கண் கலங்குகிறது. கணவனுக்குக் காபியை ஆற்றிக்கொண்டே தறியறைக்குள் நுழையப் போனவளின் கால் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் அரக்கு நிறப் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து பிரிந்து மூடுகின்றன. அந்தப் பிளவுக்குள் ஊடு நூலை இழுத்துப் போகும் நாடா ஓடவில்லை. அது நெய்த துணியின்மேல் சும்மா கிடக்கிறது. அவர் படுக்கையில் விழுந்த அன்று விட்ட இடத்திலேயே ஜரிகை மயில் பாதிக் கழுத்தோடு நிற்கிறது. குழிக்குள் அவருடைய முழங்கால்கள் உதறுகின்றன. அந்த உதறலில்தான் மிதிகட்டைகள் தடதடக்கின்றன. வெற்று மார்பெல்லாம் வியர்வை. இரண்டு கைகளாலும் தொடையை அழுத்திப் பிடித்திருக்கிறார். "என்னமோ நடக்கப் போவுது வாணி. மனசுக்குன்னு டாக்டர் குடுத்த மாத்திர போட்டுக்கினுதான் இருக்கேன். காலு உதறுறது நிக்க மாட்டேங்குது." அவள் காபியை வாசற்படியில் வைத்துவிட்டுக் குழியருகே போய் உட்கார்கிறாள். மதிலுக்கு அப்பால் கிருஷ்ணவேணி சிரிக்கிறாள்: "எம்மாம் வேகமா ஓட்டுறாரு! நடுவுல கூப்பிட்டு நிறுத்திடாதமா!"