டோக்கன் முப்பத்தொன்று

பிற்பகல் ஒன்று பத்துக்கு வளர்மதி ஆஸ்பத்திரியின் டோக்கன் புரோகிராமை மூடினாள். 'முடிந்தது' என்று காட்டிவிட்டுத் திரை வெறுமையானது. ஆனாலும் கிட்டத்தட்டக் காலியான கூடத்தில் ஒலிபெருக்கி பேசியது. “டோக்கன் முப்பத்தொன்று, மரகதம்.”

மனைவியின் பழைய எக்ஸ்ரேக்களை வாங்க வந்திருந்த தங்கராசு எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மூன்று நாளுக்கு முன் அவர் மனைவி மரகதம் அதில்தான் காத்திருந்தாள். கூப்பிடுவதற்கு முன்பே சரிந்து இறந்துபோனாள். அவள் முறை வந்தபோது வளர்மதி வழக்கம்போல் 'வரவில்லை' என்று அழுத்தியிருந்தாள்.

“மூடிட்டீங்களே, அப்புறம் யாரு கூப்பிடுறது?” என்று கேட்டார்.

வளர்மதிக்கும் புரியவில்லை. புரோகிராம் எழுதிய ஜெரால்டுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“மூடினா திரையை விட்டுத்தான் மேடம் போகும். இன்னிக்குக் காலைலதான் மாத்தினேன், இனி உள்ளே உட்கார்ந்துக்கிட்டு வராதவங்களைக் கூப்பிட்டுட்டே இருக்கும். 'வந்தார்'னு அழுத்துங்க, நின்னுடும்.”

“வேற வழி இல்லையா?”

“மெஷினை அணைக்கணும். மருந்துக் கவுன்டரும் சேர்ந்து நின்னுடும். ஏன் மேடம், அவங்க வரவே மாட்டேன்னுட்டாங்களா?” என்று சிரித்தான்.

வளர்மதி போனை வைத்தாள். ஒலிபெருக்கி மறுபடி மரகதத்தைக் கூப்பிட்டது. தங்கராசு இந்த முறை பாதி எழுந்து, அப்படியே நின்றார். வளர்மதியின் விரல் 'வந்தார்' பொத்தானுக்கு மேல் இருந்தது.

“அண்ணே, வந்துட்டாங்கன்னு அழுத்திரட்டுமா?”