லவோன் இறங்கவில்லை

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அக்டோபர் வெயில் ஷெட்டுக்குள் சாய்வாக விழுந்து, லவோனின் இறந்துபோன கணவன் ஆர்வினின் பழைய மஞ்சள் தோட்ட டிராக்டரில் துருவை மட்டும் தேடிப் பிடித்துக் காட்டுகிறது. அதை வாங்க வந்த லைல் எஞ்சின் மூடியைக் கழற்றி வெளியே எறிகிறான். தகரம் கல்லில் பட்டு அலறுகிறது. "என் பந்தய வண்டிக்கு எஞ்சின் மட்டும் போதும் லவோன். மிச்சமெல்லாம் குப்பை. உங்க வீட்டுக்காரர் இதைப் போய்க் கொஞ்சிக்கிட்டிருந்தாரே!" என்று சிரித்தபடி போல்ட்டில் ஸ்பானரை மாட்டுகிறான். லவோனின் கழுத்து சிவக்கிறது. இத்தனை வருடமாக இந்தப் பீடையைத் திட்டியவள் அவள். கணவனை அடக்கம் செய்த மறுவாரமே விற்பனைக்கு என்று அட்டை மாட்டியவளும் அவள்தான். "கையை எடு." "என்னது?" "திட்டுறதுன்னா நான் திட்டுவேன். நீ யாரு அதைச் சொல்ல?" செருப்புக் காலோடு ஏறி, ஒருநாளும் உட்கார்ந்திராத இருக்கையில் அமர்கிறாள். "ஸ்டார்ட் பண்ணவாவது தெரியுமா உங்களுக்கு?" சனிக்கிழமைதோறும் சமையலறை ஜன்னலில் நின்று ஆர்வின் அதைக் கிளப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட சத்தங்கள் அவளுக்குள் வரிசை மாறாமல் இருக்கின்றன. சோக் குமிழை இழுக்கும் கிறீச்சு, எஞ்சினின் இரண்டு இருமல், சின்ன மௌனம், பிறகு சோக்கை உள்ளே தள்ளும் டக். கண்ணை மூடிச் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்புகிறாள். இருமல். மறுபடி இருமல். காத்திருந்து, உள்ளே தள்ளுகிறாள். எஞ்சின் உறுமிப் பிடிக்கிறது. லைல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான். அவன் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. நீலப் புகைக்கு நடுவே லவோனின் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. "மூடியை எடுத்து மாட்டு!" என்று கத்துகிறாள். "கீறல் விழாம மாட்டு!"