சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்

"அக்கா, இது உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது. யோசிக்காம எடுத்துக்குங்க" என்றாள் ஹீனா.

சிவப்பு நிற பாஸ் கிட்டார். எடை குறைவு, கழுத்தும் குட்டை. சுமலதாவின் சின்ன விரல்களுக்கு நாலு கம்பியும் சிரமமில்லாமல் எட்டின. இரண்டு தடவை வாசித்துப் பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் உடனே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

திம்மராயன் கடையின் மூலையில், ஸ்டூலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஹீனா உள்ளறையிலிருந்து வந்தபோதே அப்படித்தான் இருந்தார். முதுகு மட்டும்தான் தரிசனம்.

சுமலதா இன்னொரு தடவை கம்பியை மீட்டினாள். முதுகு அசையவில்லை.

"இது வேணாம் பாப்பா. வேற காட்டு."

ஹீனாவுக்குச் சுருக்கென்றது. அத்தா பஷீர் அஹமது பகல் தொழுகைக்குப் போனால் கிருஷ்ணகிரி இசைக்கருவிக் கடை அவள் பொறுப்பு. எத்தனையோ புருஷன் பெண்டாட்டிகளைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை.

"ஏன்க்கா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள் சுமலதா.

அவளுக்குக் குருபரப்பள்ளி பக்கம் செல்போன் கம்பெனியில் லைன் வேலை. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்குக் கம்பெனிப் பெண்கள் சேர்ந்து கச்சேரி வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக இரவல் கிட்டாரில் கற்றுக்கொண்டாள். கொடுத்தவர் திருப்பி வாங்கிக்கொண்டார். இன்றைக்கு ஒன்று எடுத்தே ஆக வேண்டும்.

ஹீனா கறுப்பு கிட்டாரை எடுத்து ஒயரை அதற்கு மாற்றி மாட்டினாள். மாட்டிக்கொண்டே, "அண்ணா, டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை. பெரிய கலெக்டர் என்று நினைப்பு போலிருக்கிறது.

சுமலதா வாசித்தாள். திம்மராயனின் ஆள்காட்டி விரல் லேசாக எழுந்து, பாதியிலேயே இறங்கிவிட்டது. சுமலதா கிட்டாரைக் கீழே வைத்தாள்.

'ஓகோ, துரை விரலைத் தூக்கினால்தான் இங்கே வியாபாரம்' என்று ஹீனா பல்லைக் கடித்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். வரப்போகிறவரும் இப்படி இருந்துவிட்டால் என்ன செய்வது?

"சவுண்ட கூட்டி வெச்சுப் பாருங்கக்கா, இதுவே நல்லா இருக்கும்" என்று ஆம்ப் பெட்டியின் திருகில் கை வைத்தாள்.

"கூட்டாத பாப்பா. எங்களுது லைன் வீடு. பக்கத்து ஊட்ல கைக்குழந்த இருக்குது. இதுக்கு மேல வெக்க முடியாது."

கடைசியாக ஒன்று இருந்தது. ஐந்து கம்பி, பழுப்பு நிறம், நீளக் கழுத்து. தூக்கினால் அரிசி மூட்டை. ஆறடி ஆண்களே வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன உருப்படி.

சுமலதா அதை மாட்டிக்கொண்டதும் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டைக் கம்பியை மீட்டினாள்.

விரல் நேராக எழுந்தது.

நிறுத்தினாள். விரல் இறங்கியது. மறுபடி மீட்டினாள். மறுபடி எழுந்தது.

"இதையே குடு பாப்பா!"

ஹீனாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, எட்டு மணி நேரம் கம்பெனில நின்னுட்டு வந்து இத வேற தோள்ல மாட்டுவீங்களா? வெரலே எட்ட மாட்டேங்குது!"

"பழகிக்கறன்."

"வாசிக்கப் போறது நீங்களா, அவரா?" ஹீனா திம்மராயன் பக்கம் திரும்பினாள். "அண்ணா! ஒரு தடவ திரும்பிப் பாருங்களேன். சொவத்தப் பாத்துக்கினு வெரலத் தூக்குனா ஆச்சா?"

முதுகு அசையவில்லை.

"பாத்தீங்களா? உங்களத்தான் மதிக்கல, கடைக்காரிக்காவது ஒரு வார்த்த பதில் சொல்றாரா?"

சுமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிட்டாரை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"பதினாறு வருஷம் பர்கூர்ல கல்லு அறுக்கற மெஷின் பக்கத்துல நின்ன காது பாப்பா அது. பொம்பளக் கொரலு எதுவும் ஏறாது. உன்னுதும் ஏறாது, என்னுதும் ஏறாது. கட்டச் சத்தம்தான் கொஞ்சம் ஏறும். காதுக்கு மெஷின் வாங்கி மாட்டுனா, வெறும் எரைச்சல்னு கழட்டி வெச்சுடறாரு."

ஹீனா அந்த முதுகைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா... வெரலத் தூக்குனாரே?"

"அவரு கல்லு கம்பெனி மெடிக்கல்ல காது டெஸ்ட் வெப்பாங்க. சத்தம் கேட்டா வெரலத் தூக்கணும். அந்தப் பழக்கம்." சுமலதா பழுப்பு கிட்டாரைத் தடவினாள். "டீம்ல எல்லாரும் கீபோர்டுக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க. மிச்சம் இருந்த இரவல் பாஸ் கிட்டார நான் ஊட்டுக்கு எடுத்தாந்து வாசிச்சன். சாப்டுக்கினு இருந்தவரு நிமிந்து, 'யாரு வாசிக்கறது'ன்னு கேட்டாரு. எத்தன வருஷம் கழிச்சு நான் போட்ட சத்தம் ஒண்ணு அவருக்குக் கேட்டுச்சு தெரியுமா? அன்னைக்கு முடிவு பண்ணன், வாசிச்சா இதத்தான் வாசிக்கறதுன்னு."

ஹீனாவின் கண் நிறைந்துவிட்டது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப நேரா உங்களப் பாத்தே உக்காரலாமேக்கா. எதுக்கு சொவத்தப் பாத்து?"

"நான்தான் அப்படி உக்கார வெச்சன். என் மூஞ்சியப் பாத்தாருன்னா, எனக்குப் புடிச்சதுக்கெல்லாம் வெரலத் தூக்கிடுவாரு பாப்பா... கேக்கலன்னாலும்."