கிழக்கே கால்

வணக்கம் பிள்ளைகளா, எல்லாரும் சுகமா? முட்டி வலி தேவலையா?

1911. சிங்கப்பூர் கல்லறைத் தோட்டத்தில் அலெக்சாண்டரின் பெட்டியைக் குழிக்குள் இறக்கப் போனார்கள்.

"நிறுத்துங்க! பெட்டியைத் திருப்புங்க. தலை கிழக்கே வரட்டும்!" என்றாள் அவர் மனைவி பிலோமினம்மாள்.

கூட்டம் திகைத்தது. கடைசி நாளில் உயிர்த்தெழும்போது கிழக்கிலிருந்து வரும் ஆண்டவரைப் பார்க்கத்தானே எல்லாருக்கும் கிழக்கே கால் நீட்டி வைப்பது?

"செத்த பிறகுமா அண்ணி சண்டை? எங்க அண்ணன் ஆண்டவருக்கு முதுகு காட்டணுமா? சிராங்கூன் ரோடே சிரிக்கும்!" என்று சீறினாள் நாத்தனார் பிரிஜட்.

"சிரிக்கட்டும். திருப்பாம ஒரு பிடி மண்ணு விழ விடமாட்டேன்."

"காரணத்தைச் சொல்லும்மா" என்று அதட்டினார் சாமியார்.

பிலோமினம்மாள் பக்கத்துச் சின்ன மண்மேட்டைக் காட்டினாள்.

"எங்க மக, சாமி. காலரான்னு யாருமே கூட வரல. கொட்டுற மழையில இவரே புதைச்சாரு. பதட்டத்துல தலைமாடு கால்மாடு மாறிப்போச்சு. எல்லாரும் கிழக்கே பாத்து எழும்பறப்ப, எம்பிள்ளை மட்டும் மேற்கே பாத்துத் தனியா முழிப்பாளேன்னு சாகுற வரைக்கும் அழுதாரு. அப்பனும் அந்தப் பக்கமே பாத்து எழுந்தா, கையைப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாருல்ல?"

பெட்டியைத் திருப்ப முதலில் கை கொடுத்தவள் பிரிஜட்தான்.

உங்க வீட்டுல போனவங்களை எந்த நம்பிக்கையில வழியனுப்புனீங்க? எனக்கு எழுதுங்க கண்ணுங்களா.