இன்னும் கடிக்கிறான்

“இன்னிக்கும் கடிச்சிட்டாம்மா,” என்றாள் மணிமொழி போனில்.

உடையார்பாளையத்தில் அம்மா தனம் ஸ்பீக்கரைப் போட்டாள். அது யாருக்காக என்று மணிமொழிக்குத் தெரியும். அப்பா அய்யம்பெருமாள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, எதுவும் காதில் விழாதவரைப் போல.

“எங்கடி கடிச்சான்?”

“கணுக்கால்ல. பொடவையவும் புடிச்சு இழுக்கிறான்.”

பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல், சுவரிடம் சொல்வதைப் போல. “கால உதறாம நிக்கச் சொல்லு. உதறுனா அது வெளையாட்டுன்னு நெனச்சுக்கும்.”

“உதறாம நிக்கணுமாம்டி.”

“சரிம்மா.”

ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் அவள் மரிய ஆல்பர்ட்டைக் கைப்பிடித்த நாளிலிருந்து அப்பா அவளிடம் பேசியதில்லை. பொங்கலுக்கும் அம்மா மட்டும்தான் பேசுவாள். மூன்று பொங்கல் அப்படியே போனது.

பிறகு ஆல்பர்ட் ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருவருக்கும் நாய் வளர்த்துப் பழக்கமில்லை. ஒருநாள் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அது அவள் விரலை ரத்தம் வரக் கடித்துவிட்டது. அவள் அலறியதைக் கேட்டு, முந்திரிக்காட்டில் காலமெல்லாம் நாய் வளர்த்த மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பல்லு மொளைக்குது அதுக்கு. கடிக்க எதையாச்சும் குடுக்கச் சொல்லு.”

வலி எங்கே போனதென்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு ராத்திரி வரை நடமாடினாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் போன் போட்டாள்.

இன்றைக்கும் அப்பா அம்மாவிடம்தான் கேட்டார். “பழந்துணிய நனைச்சு முறுக்கிக் குடுத்தாளான்னு கேளு.”

“குடுத்தேம்மா.”

“கடிச்சதும் பேசாம எந்திரிச்சுப் போனாளா?”

“போனேம்மா. திரும்பி வந்தா மறுபடி கடிக்கிறான்.”

“கைய ஓங்கலையே?”

“இல்லம்மா.”

“அப்பனும் மவளும் பேசுறதுக்கு நடுவுல நான் என்ன தபால்காரியா?” என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. “அவரு ரொம்ப செல்லம் குடுக்குறாரோ என்னமோ.”

அவரு. மணிமொழி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆல்பர்ட்டை அப்பா அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

நாற்காலி நகரும் ஓசை. அடுத்த நொடி குரல் மிக அருகில் வந்தது. அம்மாவின் கையிலிருந்து போனை அவரே வாங்கியிருந்தார்.

“மணி.”

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“இது போன்ல சொல்லித் தீராதும்மா. காலையில மொத பஸ்ஸுக்கு வரேன். எப்படிக் கடிக்கிறான்னு நானே பாக்குறேன்.”

“வாங்கப்பா,” என்றாள்.

மணிமொழி போனை வைத்துவிட்டு உட்கார்ந்ததும் நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் மடியில் தலையைச் சாய்த்தது. அவள் தன் விரலை அதன் வாய்க்குள் வைத்தாள். பூவைக் கவ்வுவதைப் போலக் கவ்வி, நக்கிவிட்டு, விட்டுவிட்டது. அப்பா சொன்னபடியெல்லாம் செய்ததில், அது கடிப்பதை நிறுத்தி ஒரு மாதமாகிறது.

“நாளைக்கு அப்பா வராருடா தங்கம்,” என்று அதன் காதில் கெஞ்சினாள் மணிமொழி. “ஒரே ஒரு தடவ கடிச்சிருடா.”