சீனியில்லாத் தேத்தண்ணி

“நல்ல சாரி உடுத்தி என்ன மகள்? வந்தவங்களுக்குச் சீனி போடாமத் தேத்தண்ணி குடுத்திட்டியே! இனி நம்மள அவங்களுக்குப் புடிக்குமா?”

புதுக் கோப்பைகளைக் கழுவியபடியே ஆசியா உம்மா புலம்பினாள். மகள் ஜெனூபாவின் முகமும் வாடித்தான் இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கைப்பேசி அடித்தது. கதைத்து முடித்த ஜெனூபா துள்ளினாள்.

“புடிச்சிருக்காம் உம்மா! கிளினிக் டொக்டர்தான் சொன்னார். இங்க வந்த போட்டி நடுவர்மார் நம்மட தெருவுல ஏழு வீட்டுல தேத்தண்ணி குடிச்சாங்களாம். ஒரு வீட்டுலயும் சீனி இல்லியாம். சீனி வருத்தத்தைக் குறைச்சதுக்கு நம்மட மாதர் சங்கத்துக்குத்தான் முதல் பரிசாம்!”

“அல்ஹம்துலில்லாஹ்!”

ஆசியா உம்மா குசினிக்குள் போய், அரிசி வாளிக்குள் ஒளித்திருந்த சீனிப் போத்தலைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள்.

“இந்தா, இதையும் எடுத்து எறி. தெரிஞ்சா பரிசைத் திருப்பிக் கேப்பாங்க.”