முப்பது நாளில் பதில்

பிற்பகல் வெயில் ஆவண அறையின் ஜன்னல் வழியே நுழைந்து, கட்டுக்கட்டாய்க் கிடக்கும் கோப்புகளின் மேல் சோம்பலாய்ப் படுத்திருக்கிறது. மின்விசிறி சுற்றச் சுற்ற, பேப்பர்வெயிட்டுகளுக்கு அடியில் தாள்கள் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் எழுந்து தணிகின்றன. கணவரைக் கொண்டுபோன ஆலைத் தீ விபத்தின் விசாரணை அறிக்கையைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவள், பதினாலாவது மாதமாக அதே பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அத்தனை தாள்களில் எது அவருடையதோ. கையில் புது மனுவோடு ஒரு சின்னப் பெண் வந்து நிற்கிறாள். "அக்கா, நீங்க இங்கதானே வேலை பாக்குறீங்க? முப்பது நாள்ல பதில் வந்துடும்ல?" மேசைக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா தலை நிமிரவில்லை. பெஞ்சில் இருப்பவள் மெல்ல நகர்ந்து, தன் சூடு ஆறாத இடத்தைக் கையால் தட்டிக் காட்டுகிறாள். "உக்காரும்மா."